பஸ் சத்தத்துக்கு ஒரு ஹெட்போன்

"இனிமே என்னால வர முடியாதுக்கா" என்றாள் பாப்பா. மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி இருக்கிற பெரிய ஊரிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்த மறுநாள் காலை அது. குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் வாளி. "அந்த பஸ்ஸ நெனச்சாலே குமட்டுது. அந்த இரைச்சல் இன்னும் மண்டைக்குள்ளயே ஓடுது. முடியாதுக்கா."

பாப்பா என்றதும் ஏதோ சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டிய என் தங்கை. அவள் பிறந்தபோது நான் கூப்பிட ஆரம்பித்தது அது. அதற்கப்புறம் வீட்டில் வைத்த பெயர் எதுவும் அவளிடம் ஒட்டவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, அது இரண்டு வருஷம் தாங்கவில்லை. அவளுக்கு ஆகவே இல்லை. ஆக, ஒரு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

அவள் சொன்னதில் பஸ்ஸை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். அவள் முடியாது முடியாது என்று சொன்னது என் காதில் ஏறவில்லை. அவள் வயிற்றில் இருக்கிற கட்டியை நான் ஒன்றும் செய்துவிட முடியாது. அதற்கு டாக்டர் இருக்கிறார், ஊசி இருக்கிறது. ஊசிக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு பஸ் குறுக்கே நிற்கிறது என்றால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊசியை நிறுத்தினால் பாப்பா எனக்கு இல்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதனால் அவள் போயே ஆக வேண்டும்.

காரில் போகலாமே என்பீர்கள். கார் கதவைத் திறந்தாலே அந்த வாடைக்கு வாளி தேடுவாள். ரயில் எங்கள் பக்கம் வருவதில்லை. காலையில் ஏறினால் மத்தியானம் தாண்டித்தான் இறக்கிவிடும் அந்தப் பெரிய பஸ் ஒன்றுதான் வழி. அதன் இன்ஜின் நம் சீட்டுக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு முனகுகிற மாதிரி இருக்கும். நல்ல உடம்புக்காரர்களுக்கே இறங்கும்போது தலை கிறுகிறுக்கும்.

"சத்தம்தானே? அதுக்கு ஹெட்போன் வந்திருக்குடி. சத்தத்தையே சாப்பிட்டுடுமாம். வாங்கிடலாம்" என்றேன்.

பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டேன். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு வாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

என்னைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. நான் ஒரு தையல் யூனிட்டில் லைன் சூப்பர்வைசர். ஹால் முழுக்க மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கடைசி வரிசையில் காலர் தைக்கிறவளுக்கு "ஏய், தையல் கோணுது!" என்பது கேட்க வேண்டும் என்றால் எப்படிக் கத்த வேண்டும்? கத்திக் கத்திக் குரல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. காதும் கொஞ்சம் மந்தம். வீட்டிலும் அதே குரல்தான். சாப்பிட்டியா என்று கேட்டால்கூட அடுத்த வீட்டில் சண்டை என்று நினைத்து ஜன்னலைச் சாத்துவார்கள். கோபமும் எனக்கு மூக்கு நுனியில்தான். மறைக்க என்ன இருக்கிறது?

பாப்பா நேர் எதிர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. கடுகு அளவு திருகாணிகளை விரல் நுனியில் எடுத்து வைத்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு முடுக்குவாள். பேசினால் எதிரே இருப்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். எனக்கோ அதில் பாதி விழாது. விழாததை நானே நிரப்பிக்கொள்வேன். டாக்டர் அவளிடம் கேள்வி கேட்பார், நான் பதில் சொல்வேன். இப்படியே எங்களுக்கு ஒரு ஆயுசு ஓடிவிட்டது.

அடுத்த ஊசிக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் போனில் உட்கார்ந்து, வாங்கினவர்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். ஒருவன் ஐந்து நட்சத்திரம் போட்டு 'சூப்பர்' என்று எழுதியிருந்தான். என்னடா சூப்பர்? பஸ்ஸில் போட்டுப் பார்த்தாயா? வாந்தி வருகிறவள் போட்டுப் பார்த்தாளா? இன்னொருத்தி, கலர் அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். உன் கலரைத் தூக்கிக் குப்பையில் போடு. ஒருத்தராவது உருப்படியாக எழுதியிருந்தால் நான் ஏன் இப்படி அலைகிறேன்?

யூனிட்டில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்கிடம் அப்படி ஒன்று இருந்தது. வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது மாட்டிக்கொண்டு போவார். கேட்டேன். கொடுத்தார். நேரே கொல்லைப்புறம் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போனேன். பஸ் இன்ஜினும் ஜெனரேட்டரும் ஒரே ஜாதி இல்லையா? பக்கத்தில் நின்று மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

ஜெனரேட்டர் போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் அது குலுங்குகிறது, தரை அதிர்வது காலில் தெரிகிறது, காதில் ஒன்றும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் காதுக்கு அப்படி ஒரு ஓய்வு கிடைத்ததில்லை. அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அங்கே ஒருத்தரும் இல்லை.

"எப்படிங்க சூப்பர்வைசரம்மா?" என்றார் மெக்கானிக், திருப்பிக் கொடுக்கும்போது.

"இது எங்க பாப்பாவுக்கு ஆகாது. கனம். அவ கழுத்து தாங்காது. ஆனா இந்த ஜாதிதான் வேணும்."

"காதுக்குள்ள வைக்கிற சின்னது இருக்கே, அது கனமே இல்லியே."

"காதுக்குள்ள புண்ணு அவளுக்கு. வாயில புண்ணு, காதுல புண்ணு, எங்கதான் இல்ல? வெளியில மூடுறதுதான் சரி."

மெக்கானிக் தலையை ஆட்டினார். எனக்கு அப்போது ஆறுதல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எடை குறைந்த ஹெட்போன் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊசி போட்ட வாரம் தாண்டி, கொஞ்சம் எழுந்து நடமாடுகிற வாரம் அது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க டிவி. எல்லா டிவியிலும் ஒரே அருவி விழுந்துகொண்டிருந்தது. கழுத்தில் டை கட்டின விற்பனைக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"பயணத்துக்கா மேடம்? ஃப்ளைட்டா?"

"பஸ்" என்றேன். "ஃப்ளைட்டுல போற மூஞ்சியாவா தெரியுது?"

பாப்பா என் முழங்கையைக் கிள்ளினாள். விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே வரிசையாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதலாவது, காதின் மேலேயே உட்கார்ந்து அழுத்தியது. தள்ளு. இரண்டாவது, தோல் மாதிரி பளபளத்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் வியர்த்து ஊறும். தள்ளு. மூன்றாவதுக்குப் பொத்தானே இல்லை. பக்கவாட்டில் விரலால் தடவ வேண்டுமாம். மேலே தடவினால் சத்தம் கூடும், கீழே தடவினால் குறையும்.

"நீங்களே தடவிப் பாருங்க மேடம்."

பாப்பா தடவினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தடவினாள். விற்பனைக்காரர், "லேசா, விரல் நுனியால" என்றார்.

"நுனியில உணர்ச்சி இல்லீங்க" என்றாள் பாப்பா, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. மருந்து அவள் விரல் நுனிகளை மரத்துப்போக வைத்திருந்தது. கண்ணாடிக் கடை வேலையும் அதனால்தான் போனது. திருகாணி கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை என்று ஒருநாள் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"பொத்தான் வச்சது எடுங்க. தடவுறது கிடவுறதெல்லாம் வேணாம். பெரிய பொத்தானா இருக்கணும்" என்றேன்.

நான்காவதில் பெரிய பொத்தான் இருந்தது. கனமும் இல்லை. காதைச் சுற்றி மூடுகிற மெத்தையில் துணி போட்டிருந்தது. துணியை நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன். நல்ல பின்னல், பிசிறு இல்லை. பாப்பா தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபுக்கு மேலே மாட்டினாள். அது வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. விற்பனைக்காரருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "ஸ்கார்ஃப எடுத்துட்டுப் போட்டாதான் சரியா உக்காரும் மேடம்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா ஸ்கார்ஃபை அவிழ்த்துவிட்டாள். அந்த வெளிச்சத்தில், அத்தனை டிவிக்கு முன்னால், ஒரு முடி இல்லாத தலை. டை கட்டினவர் கையில் இருந்த டப்பாவைப் பார்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. நான் அவர்களை ஒரு முறை முறைத்தேன். அத்தனை பேரும் வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

பாப்பா மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். உடனே முகம் சுளித்தாள். காது அடைக்கிறதாம், மலை ஏறும்போது அடைக்கிற மாதிரி. இதுவும் குமட்டினால் நான் எங்கே போவேன்? விற்பனைக்காரர் அவள் போனை வாங்கி, அடக்குகிற அளவைக் கொஞ்சம் குறைத்து, மழைச் சத்தம் ஒன்றையும் போட்டுவிட்டார். பயணத்துக்கு நிறையப் பேர் மழையைத்தான் கேட்கிறார்களாம்.

பாப்பா கண்ணை மூடினாள். கண்ணை மூடியபடியே நின்றாள். தோள் இரண்டும் மெல்ல இறங்கியது. அவள் தோள்கள் அத்தனை நாளும் தூக்கியே இருந்தன என்பது அவை இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"இது நல்லாருக்குக்கா" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கட்டியாவது மண்ணாவது, என் தங்கையைக் கொண்டுபோக வந்ததை வாசலிலேயே மடக்கிவிட்ட மாதிரி நிமிர்ந்து நின்றேன். டப்பாவை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "குண்டு போட்டாலும் கேக்காதுடி இதுல! நான் கத்தினாக்கூட கேக்காது!" என்றேன்.

"நீ கத்தினாக்கூடவா?" என்றாள் பாப்பா. "அப்ப வெலைக்குத் தகுந்த சரக்குதான்."

அன்று சிரித்தோம். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தோம்.

தலைக்கு மேலே வளைந்து போகிற பட்டை அவள் மண்டையில் உறுத்தியது. யூனிட்டிலிருந்து பழைய பருத்தித் துணி கொண்டு வந்து, நடுவில் மெல்லிய பஞ்சு வைத்து, பட்டைக்கு ஒரு உறை தைத்தேன். தையல் உள்பக்கம் வராமல், முடிச்சு எதுவும் தோலில் படாமல். இதைவிட ஒழுங்காக நான் வாழ்க்கையில் ஒன்றும் தைத்ததில்லை. வீட்டில் பாப்பா அதை மாட்டிக்கொண்டு, மழையைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அதைப் பார்த்து எனக்குப் பெருமை.

"வெள்ளிக்கிழமை கெளம்பணும். பைய எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டபோது, அவள் ஹெட்போனைக் காதிலிருந்து பாதி விலக்கினாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

"வர மாட்டேன்னு மட்டும் சொல்லிடாத. மூணு வாரமா நாயா அலைஞ்சு வாங்கிருக்கேன்."

"பைய எடுத்து வைக்கா" என்று சொல்லிவிட்டு ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினோம். அவளுக்கு ஜன்னல் சீட், எனக்கு உள்பக்கம். பெரிய பை கீழே டிக்கியில். வாளிக்குப் பதில் கவர்கள் என் மடியில். பஸ் கிளம்பியதும் இன்ஜின் வழக்கம்போல முனக ஆரம்பித்தது. பாப்பா மாட்டிக்கொண்டாள், மழையைப் போட்டாள், கண்ணை மூடினாள். ஊர் தாண்டியது. கவர் கேட்கவில்லை. பாலம் தாண்டியது. கேட்கவில்லை. போன தடவை இந்த இடத்தில் மூன்று கவர் தீர்ந்திருந்தது. நான் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெரியவரிடம், "ஹெட்போன்தாங்க. நான்தான் பாத்து வாங்கினேன்" என்று சொன்னேன். அவர் என்னிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பாதி தூரம் வருகிற நேரத்தில் பாப்பா கண் விழித்தாள். ஹெட்போனைக் கழற்றி, "நீ கொஞ்ச நேரம் போட்டுக்கக்கா. உனக்கும் தல வலிக்குமில்ல" என்றாள்.

"எனக்கெதுக்குடி?"

"போட்டுக்கயேன். இவ்ளோ அலைஞ்சு வாங்கின, ஒரு தடவ பஸ்ல போட்டுப் பாக்க வேணாமா?"

அவளே என் தலையில் மாட்டிவிட்டாள். காதைச் சரியாக மூடி, உறையை இழுத்துவிட்டாள். மழை கேட்டது. சரியாக உட்காரவில்லை என்று இன்னொரு தடவை அழுத்திவிட்டபோது, அவளுடைய மரத்துப்போன விரல் பாட்டை நிறுத்துகிற பொத்தானில் பட்டது. மழை நின்றுவிட்டது. பட்டது அவளுக்குத் தெரியவில்லை. இன்ஜின் சத்தம் வராததால் எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, கேக்குதா?"

தூக்கிவாரிப்போட்டது. பாப்பாவின் குரல். பக்கத்தில், தெளிவாக, ஒரு எழுத்துக்கூட விடாமல். பின்னாளில் மெக்கானிக் விளக்கினார். இந்தச் சாமான் இன்ஜின் மாதிரி ஒரே சீராக வருகிற இரைச்சலைத்தான் அமுக்குமாம். பேச்சை அவ்வளவாக அமுக்காதாம். பாட்டோ மழையோ ஓடினால்தான் பேச்சும் மூழ்குமாம். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. பஸ்ஸில் பாப்பா பேசி எனக்கு ஒரு நாளும் விழுந்ததில்லை, இன்ஜின் அதை முழுங்கிவிடும். இப்போது இன்ஜினை எடுத்துவிட்டார்கள், அவள் குரல் மட்டும் மிச்சம் இருந்தது.

கேட்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரெல்லாம் குண்டு போட்டாலும் கேட்காது என்று பீற்றிக்கொண்டவள் நான். வாங்கின சாமானை எப்படி விட்டுக்கொடுப்பது? அசையாமல், ஒன்றும் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் வறட்டுக் கௌரவம், வேறென்ன.

"அக்கா, பஸ்ல கூட்டம். உன் மேல ஒரு பூச்சி ஊருது" என்றாள். நான் அசையவில்லை. அவள் பெருமூச்சு விட்டாள்.

பிறகு பேச ஆரம்பித்தாள்.

"பஸ்ஸுனால இல்லக்கா. பஸ் எனக்கு ஒண்ணுமே இல்ல. போன தடவ நீ மருந்து வாங்கப் போனல்ல, அப்ப டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். இந்த ஊசி குணமாக்குறதுக்கு இல்லயாம். கொஞ்சம் தள்ளிப் போடுமாம். எவ்ளோன்னு கேட்டேன். சில மாசம்னாரு. அந்தச் சில மாசமும் இந்த மாதிரியேதானான்னு கேட்டேன். பதில் சொல்லல. நிறுத்துறதுன்னா நிறுத்தலாம், வலிக்கு மட்டும் மருந்து தரேன்னாரு. உங்க அக்காகிட்ட பேசிட்டு வாங்கன்னாரு."

பஸ் ஏதோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தாள்.

"உன்கிட்ட எப்படிப் பேசுறது? வாயத் தொறந்தா ஹெட்போன் வாங்கப் போயிடுற. சாகுறதுக்குக்கூட எனக்கு இவ்ளோ பயமில்லக்கா. உன்கிட்ட சொல்றதுக்குத்தான் பயமா இருக்கு. ஊசி போட்டா பத்து நாள் நான் மனுஷியே இல்ல. மிச்ச நாள் அடுத்த ஊசிய நெனச்சு நடுங்குறேன். எனக்கு நம்ம வீட்டுல, என் கட்டில்ல, வாளி இல்லாம கொஞ்ச நாள் இருக்கணும்க்கா. ஒரு வாய் சோறு ருசியா தின்னுட்டு இருக்கணும். இன்னிக்கும் உனக்காகத்தான் வரேன். நீ ஆசையா வாங்கிட்ட. எப்படி வரலன்னு சொல்றது?"

அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சாமான் அதையும் அமுக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. திரும்பி அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருந்தது. நிறுத்துவதாம்! யாரைக் கேட்டு? அந்த டாக்டரை நடு ரோட்டில் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. வாயைத் திறந்தால் போதும், பஸ்ஸையே இரண்டாக்கிவிடுவேன். அவளும் சரிக்கா சரிக்கா என்று வந்துவிடுவாள், எத்தனை ஊசி வேண்டுமானாலும். எப்போதும் வந்தவள்தானே.

அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. நான் கத்தினால் அவள் வருவாள். நான் கூப்பிடுகிற வரைக்கும், கவரில் வாந்தி எடுத்துக்கொண்டே, எனக்காக வந்துகொண்டிருப்பாள். அவள் வாய்விட்டுச் சொன்னது எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில்தான். கேட்டுவிட்டது என்று தெரிந்தால் அதையும் பயந்து திரும்ப எடுத்துக்கொள்வாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். பாப்பா எனக்கு இல்லை, பாப்பா எனக்கு இல்லை என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஹெட்போனைக் கழற்றினாள். இன்ஜின் சத்தம் தலையில் வந்து மோதியது.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"பஸ் போறதே தெரியலடி."

"நான் பேசினேனே. கேக்கலியா?"

"பேசினியா? என்ன பேசின?"

"ஒண்ணுமில்ல. ரோட்டுல ரெண்டு நாய் சண்ட போட்டுச்சு. அதச் சொன்னேன்."

"நாயா? அடடா, எழுப்பிக் காட்டக்கூடாதா?" என்றேன்.

சாப்பாட்டுக் கடை ஒன்றின் முன்னால் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன், பாப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி ஒரு மர நிழலில் நிறுத்தினேன். நேரே கண்டக்டரிடம் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டிக்கியத் தெறங்க. பைய எடுக்கணும்."

"இங்கயா? நீங்க எறங்குற ஊர் இன்னும் வரலியேம்மா. டிக்கெட் கடைசி ஸ்டாப் வரைக்கும் இருக்கே."

"இருந்துட்டுப் போகுது. தெறங்க."

"பாதியில எறங்கினா காசு திரும்பக் கெடைக்காது, சொல்லிட்டேன்."

"யாரு கேட்டா உங்க காச? தெறக்குறீங்களா, நானே ஒடைக்கட்டுமா?"

டீயை வைத்துவிட்டு வந்து திறந்தார். பையை இழுத்துக்கொண்டு நிழலுக்குப் போனேன். நான் செய்கிறது சரியா தப்பா, என் தங்கையை என் கையாலேயே அனுப்பி வைக்கிறேனா, ஒன்றும் தெரியவில்லை. பயம், வெறும் பயம். இப்போதும் ஒரு நாலு எட்டு வைத்தால் பஸ். ஏறி உட்கார்ந்தால் ஆஸ்பத்திரி. ஊசி போட்டால் சில மாசம்.

"பைய ஏன்க்கா எறக்கின?" என்றாள் பாப்பா.

"எனக்கு முடியலடி. தல சுத்துது. திரும்பிப் போலாம்."

"உனக்கா?"

"ஏன், எனக்குச் சுத்தக்கூடாதா? உனக்கு மட்டும்தான் குத்தகையா?"

"அப்ப ஊசி?"

"ஊசி எங்கயும் ஓடிப்போகாது. டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிக்கலாம். வலிக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னா, நம்ம ஊர்லயே வாங்கிக்கலாம்."

வலிக்கு என்று எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. பாப்பா என்னையே பார்த்தாள். அவள் கண்ணை நான் பார்க்கவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் மற்றவர்களுக்குத் தெரியாமல் குறுக்கே மறைத்துக்கொண்டு நின்றேன். பஸ் ஹாரன் அடித்தது, ஆட்கள் ஏறினார்கள், எங்களை விட்டுவிட்டுப் போனது.

எதிர்ப்பக்கம் போகிற பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. ஏறினோம். அவளுக்கு ஜன்னல் சீட். ஹெட்போனை எடுத்து நீட்டினேன்.

"வேணாம்க்கா" என்றாள். "நீ ஏதாவது பேசு."

"என்னடி பேசுறது?"

"ஏதாவது. சத்தமா பேசு, இன்ஜின் சத்தத்துல கேக்கணும்ல. நீ பேசாம வந்தா எனக்குப் பயமா இருக்கு."

வாழ்நாள் முழுக்க ஓயாத வாய் எனக்கு. அப்போது பார்த்து ஒரு சொல் வரவில்லை. இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமினேன். கடைசியில், நாளைக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டேன்.

அவள் நன்றாக யோசித்தாள். "உருளைக்கிழங்கு. நல்லா முறுகலா வறுத்து."

"நாளன்னிக்கு?"

"முட்டை."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.